அமெரிக்காவில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவை

ஒஹாயோவிலிருந்து

இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஜனாதிபதிகளையும் போர்களையும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். தினமும் கண்ணில் படுகிற சாதாரணப் பொருட்களின் கதையை மட்டும் எனக்கு எப்போதும் யாராவது ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் அப்படி வாய்த்திருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

மகள் கிண்டர்கார்டன் சேர்ந்த வருடம். நவம்பர் மாதக் காலை ஏழு மணிக்கு இங்கே சரியாக விடிந்திருக்காது. பேரனை பஸ் ஏற்றிவிட வரும் ஒரு பாட்டி ஸ்டாப்பில் என்னோடு நிற்பார். முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் பனிமூட்டத்தில் தெருக்கோடி வீடுகூடத் தெரியவில்லை. பஸ் மட்டும் தெரிந்தது. "அந்த மஞ்சள் தானாக வந்ததில்லை, தெரியுமா?" என்றார்.

1939 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் சையர் என்ற பேராசிரியர் ஒரு மாநாடு கூட்டினாராம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 5,000 டாலர் கொடுத்திருக்கிறது. அதற்கு முன் பள்ளி வண்டி என்றால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி. ஓரிடத்தில் கோதுமை ஏற்றும் குதிரை வண்டியில் பிள்ளைகளை ஏற்றிப் போயிருக்கிறார்கள். அன்றிருந்த 48 மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து, ஏழு நாள் உட்கார்ந்து பேசி, 44 விதிகள் எழுதினார்கள். எலுமிச்சை மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை வண்ணப் பட்டைகளைச் சுவரில் தொங்கவிட்டுத்தான் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்மேல் எழுதிய கறுப்பு எழுத்து அரையிருட்டிலும் படிக்க வருகிறது என்பது முக்கியமான காரணம்.

சிவப்பு விளக்கு மின்னி, பக்கவாட்டில் ஸ்டாப் பலகை நீண்டால், இரண்டு தடச் சாலையில் எதிரே வருகிற வண்டியும் நின்றாக வேண்டும். "முப்பது வருடத்தில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். ஒரு குழந்தை ரோட்டைக் கடப்பதற்காக ஊரே நிற்கும்" என்றார். அன்றிலிருந்து பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தால் எனக்கு அவசரமே தோன்றுவதில்லை.

பாஸ்டன் பக்கத்திலிருந்து

பஸ் கதை அருமை. என்னுடையது ஐஸ் பற்றியது.

இங்கே எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும், வெளியே பனி கொட்டினாலும், முதலில் வருவது ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர். காசு கிடையாது. இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று, கேம்பிரிட்ஜில் ஃபிரெஷ் பாண்ட் ஏரியைச் சுற்றி தினமும் நடக்கிற ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் கையை ஏரிப் பக்கம் நீட்டி, "இங்கிருந்துதான்" என்றார்.

ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன்காரர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி ஐஸ் விற்கக் கிளம்பியவர். 1806இல் முதல் கப்பல் மார்டினிக் தீவுக்குப் போனது. ஊரே சிரித்தது, நஷ்டமும் வந்தது, கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை. ஃபிரெஷ் பாண்ட் கரையில் இருந்த நதானியேல் வைத் என்பவர், குதிரை பூட்டி ஐஸை வரிசையாக அறுக்கும் ஏர் போன்ற ஒரு கருவியைச் செய்துகொடுத்தார். மரம் அறுக்கும் இடங்களில் வீணாகக் கிடந்த மரத்தூளைச் சுற்றிலும் அடைத்தால் கட்டி சீக்கிரம் உருகவில்லை. விலை இறங்க இறங்க, பணக்காரர் வீட்டு ஐஸ் சாதாரண மக்களின் டம்ளருக்கும் வந்துவிட்டது.

"1833இல் கல்கத்தாவுக்கே அனுப்பினார்கள். 180 டன் ஏற்றி, நாலு மாதம் கழித்து 100 டன் போய்ச் சேர்ந்தது" என்று பெரியவர் சொன்னபோது எனக்குச் சுரீரென்றது. நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி. மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842இல் டியூடர் கம்பெனி ஐஸ் சேமிக்கக் கட்டிய கிடங்கு. 1897இல் விவேகானந்தர் தங்கியது பிறகு வந்த பெருமை. அந்தப் பக்கத்துக்கு இன்றும் பெயர் ஐஸ் ஹவுஸ்தான். பள்ளிக்கூடம் போக தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். யாருடைய ஐஸ் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

ஃபோனில் அந்தக் கட்டடத்தின் படத்தைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கள் தண்ணீர் அங்கேயா!" என்று மட்டும் சொன்னார். அப்புறம் இரண்டு சுற்று சேர்ந்தே நடந்தோம்.

வட கரோலினாவிலிருந்து

ஐஸ் ஹவுஸ் விஷயம் எனக்குப் புதிது, நன்றி.

கிரீன்ஸ்பரோவில் பழைய உல்வொர்த் கடை இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். உள்ளே சாப்பாட்டுக் கவுண்டரும் அதன் முன்னே சுழலும் நாற்காலிகளும் அப்படியே இருக்கின்றன. என் பக்கத்தில் எண்பது வயதிருக்கும் ஒரு கறுப்பின அம்மா நின்றிருந்தார். சின்ன வயதில் தாயோடு இந்தக் கடைக்கு வருவாராம். நூல் வாங்கலாம், துணி வாங்கலாம். தாகம் எடுத்தால் வீடு போகும்வரை பொறுக்க வேண்டும், ஏனென்றால் அந்த நாற்காலிகள் வெள்ளையருக்கு மட்டும்.

1960 பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் அங்கே உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கு மேல், அந்த வாரத்துக்குள் நூற்றுக்கணக்கில் ஆட்கள். பல மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. ஜூலை 25ஆம் தேதி கடை இறங்கி வந்தது. அன்று அங்கே முதலில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பினத்தவர். அதுவரை அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று உழைத்தவர்கள்.

நான் புத்தகத்தில் படித்திருந்தது அந்த நான்கு மாணவர்களைப் பற்றி மட்டும்தான். வேலைக்காரர்களைப் பற்றி அந்த அம்மாதான் சொன்னார். சொல்லிவிட்டு, "எங்கள் அம்மாவும் ஒரு சமையற்கட்டில்தான் வேலை பார்த்தார்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். வழிகாட்டி அடுத்த அறைக்குக் கூப்பிட்டபோதும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தோம்.