மறு: இண்டல்ஜென்ஸுக்குப் 'பாவமன்னிப்புச் சீட்டு' பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். போஹிமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ஜான் ஹஸ் என்ற குருவின் பெயரால் எழுந்த திருச்சபைச் சீர்திருத்த இயக்கம் பற்றிய வரலாற்று நூலின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது: இண்டல்ஜென்ஸ். பாவத்துக்கான தண்டனையைத் திருச்சபை குறைத்து அளிப்பதற்குப் பெயர் அது. பாடநூல்கள் வழியே பழகிய 'பாவமன்னிப்புச் சீட்டு' என்பதையே முதல் மூன்று இயல்களில் போட்டேன். நான்காம் இயலில் அது தாங்கவில்லை.

அந்த இயலின் களம் 1412, பிராக் நகரம். மூன்று பேர் ஒரே சமயத்தில் போப் பதவிக்கு உரிமை கோருகிறார்கள். அவர்களில் பீசா அணியின் (பீசா நகரச் சங்கம் ஏற்படுத்திய வரிசையின்) இருபத்துமூன்றாம் ஜான், எதிரணிப் போப்புக்குத் துணை நின்ற நேப்பிள்ஸ் மன்னன் லாடிஸ்லாஸ் மேல் சிலுவைப் போர் அறிவிக்கிறார். போருக்குப் போனாலும் பணம் கொடுத்தாலும் இண்டல்ஜென்ஸ். மே மாதம் வென்செல் டீம் என்பவர் பிராக் வந்து தேவாலயங்களில் பணப்பெட்டி வைக்கிறார். ஜான் ஹஸ் பல்கலைக்கழக மேடையிலேயே எதிர்த்து வாதிடுகிறார்.

அந்த வாதத்துக்கு முன்னுரையாக நூலாசிரியர் எழுதும் வாக்கியம் தமிழில் இப்படி வருகிறது: "பாவமன்னிப்புச் சீட்டு பாவத்தை மன்னிப்பதில்லை, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சியுள்ள தண்டனையையே நீக்குகிறது." முதல் பாதியே தன்னைத்தானே மறுக்கிறது. வாசகர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

வேண்டியது ஒரு பெயர்ச்சொல் மட்டும் அன்று. முழுமையானது, பகுதியளவானது, அதை எழுதித் தரும் தாள், அதற்குப் பணம் திரட்டுபவர், 'அளித்தார்' என்ற வினை, இந்த ஐந்தும் அதிலிருந்து கிளைக்க வேண்டும். வியாழன் மாலைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வரலாற்று ஆசிரியை:

ஐயா, பழகிய சொல்லை மாற்றாதீர்கள். மாணவர்கள் இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டதே 'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற பெயரில்தான். லூதர் என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வருவது அந்தச் சொல். உங்கள் நூலில் வேறு பெயர் இருந்தால், ஹஸ் எதிர்த்ததும் நூறாண்டு கழித்து லூதர் எதிர்த்ததும் ஒன்று என்பதே அவர்களுக்குப் புரியாமல் போகும்.

இலக்கண ஆசிரியர்:

அம்மையார் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தொடரில் மூன்று சொற்கள், மூன்றிலும் பிழை.

'பாவம்' பிழை, நீக்கப்படுவது பாவம் அன்று ஆதலால். 'மன்னிப்பு' பிழை, அது ஒப்புரவின்போது, அதாவது பாவத்தை அறிக்கையிடும் சடங்கில், குருவானவர் வழங்குவது. தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'பாவமன்னிப்பு' என்றால் அதைத்தான் குறிக்கும். 'சீட்டு' பிழை, பெரும்பாலானவற்றுக்குத் தாளே கிடையாது. 1300ஆம் ஆண்டு யூபிலியில் (புனித ஆண்டில்) போப் எட்டாம் பொனிபாஸ் அறிவித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ரோம் நகரத்தார் 30 நாளும் வெளியூரார் 15 நாளும் பேதுரு, பவுல் பேராலயங்களுக்குப் போய்வர வேண்டும், பாவத்தை அறிக்கையிட்டிருக்க வேண்டும். சீட்டு எங்கே வந்தது?

என் பரிந்துரை 'ஒறுப்பு' என்ற வேரிலிருந்து. ஒறுத்தல் என்றால் தண்டித்தல். வள்ளுவர் ஒறுத்தாரையும் பொறுத்தாரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். தமிழ்க் கத்தோலிக்கரோ தவக்காலத்தில் 'ஒறுத்தல் முயற்சி' என்கிறார்கள். அங்கே அது ஒருவர் தாமே ஏற்கும் தவம். இண்டல்ஜென்ஸ் நீக்குவது இந்த இரண்டையும்தான். இரண்டையும் ஒரே வேரில் வைத்திருக்கும் சொல் தமிழில் இது ஒன்றே. ஆகவே 'ஒறுப்புக் கழிவு'.

மெய்ப்பு பார்ப்பவர்:

கழிவு என்றதும் கழிவுநீர்தான் கண்முன் வரும், ஐயா. அதிலும் திருச்சபை பற்றிய நூலில்!

யாழ்ப்பாணத்து நண்பர்:

எங்கட பக்கத்தில அப்பிடி வராது. கடையில் 'விலைக்கழிவு' என்று எழுதித்தான் வைத்திருப்பார்கள். கொடுக்க வேண்டியதில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவது என்ற பொருள் உடனே விளங்கும். தமிழ்நாட்டில் ஒரு சொல் மணம் மாறிவிட்டது என்பதற்காக எல்லாரும் அதைக் கைவிட வேண்டுமா?

கல்வெட்டு ஆய்வாளர்:

கழிவு வேண்டாமென்றால் 'தவிர்ப்பு' இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். செலுத்தியாக வேண்டியதை அதிகாரத்தில் உள்ளவர் விட்டுக்கொடுப்பது அது. லத்தீனிலும் கதை அதுவே. 438ஆம் ஆண்டுத் தியோடோசியஸ் சட்டத்தொகுப்பில் இண்டுல்கென்ஷியா என்ற சொல் இரண்டு தலைப்புகளில் வருகிறது: ஒன்று குற்றவாளிகளை விடுவித்தல், மற்றொன்று வரிப்பாக்கியை விட்டுவிடுதல். அரசன் கையில் இருந்த சொல் பிறகு போப் கைக்கு வந்தது. எனவே 'ஒறுப்புத் தவிர்ப்பு'.

லத்தீன் வினை இண்டுல்கேரே. நம் 'இளகு' என்பதை இதன் அருகே வைத்துப் பாருங்கள். இளகுதல், இளக்கம், இளக்காரம். மனம் இளகி விட்டுக்கொடுப்பதுதானே இரண்டும்?

இலக்கண ஆசிரியர்:

ஒலி ஒத்துப்போவது உறவாகாது. இண்டுல்கேரேயில் இளகுக்கு ஈடாக நீங்கள் வைப்பது நடுத்துண்டு. முன்னொட்டையும் ஈற்றையும் உங்கள் வசதிக்கு வெட்டிவிட்டீர்கள். அப்படி வெட்டினால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் கட்டலாம். இளக்காரம் இன்று ஏளனம் என்ற பொருளுக்குப் போய்விட்டது என்பதையும் பாருங்கள்.

தவிர்ப்புக்கு வருகிறேன். குலோத்துங்கன் காலத்தில் வரி தவிர்த்தவன் அரசன். இன்று 'வரி தவிர்ப்பு' என்றால் கட்ட வேண்டியவன் நழுவுவது. சொல்லின் எழுவாய் இடம் மாறிவிட்டது. 'ஒறுப்புத் தவிர்ப்பு' என்று எழுதினால் தண்டனையிலிருந்து தப்பிக்கும் தந்திரம் என்றே வாசிக்கப்படும். ஹஸ் தரப்பு அப்படிச் சொல்லலாம். கலைச்சொல் சொல்லக் கூடாது.

கல்வெட்டு ஆய்வாளர்:

சரி, இளகுவை விட்டுவிடுகிறேன். 'தள்ளுபடி'? தியோடோசியஸ் தொகுப்பின் இரு பொருளும் அதில் உண்டே.

மெய்ப்பு பார்ப்பவர்:

தள்ளுபடியில் எதிர்ப்பொருளும் உண்டு. கடன் தள்ளுபடி என்றால் நல்ல செய்தி, மனு தள்ளுபடி என்றால் கெட்ட செய்தி. "யோவான் தண்டனைத் தள்ளுபடியைத் தள்ளுபடி செய்தார்" என்ற மாதிரி ஒரு வாக்கியம் பிற்பாடு வந்தே தீரும்.

மொழிபெயர்ப்பாளர்:

யோவான் என்றீர்கள், நல்லது. அதையும் கேட்க இருந்தேன். ஒரே பக்கத்தில் போப் ஜான், ஜான் ஹஸ் என்று இரண்டு ஜான்கள் மோதுகிறார்கள். செக் ஒலிப்புப்படி யான் ஹஸ் என்று எழுதலாமா?

இலக்கண ஆசிரியர்:

வேண்டாம். "யான் ஹஸ் கூறியது" என்று இருந்தால், செய்யுள் படித்தவர் 'நான்' என்றே வாசிப்பார். போப்புக்குத் தமிழ்க் கத்தோலிக்க வழக்கப்படி இருபத்துமூன்றாம் யோவான், மற்றவருக்கு ஜான் ஹஸ். 1958இல் வந்த போப்பும் இருபத்துமூன்றாம் யோவான்தான். பீசா அணியாரைக் கணக்கில் சேர்க்காததால் அதே எண் மறுபடி வந்தது. முதல் இடத்தில் 'பீசா அணியின்' என்று அடைமொழி சேருங்கள்.

வரலாற்று ஆசிரியை:

பெயர் விவகாரம் தீர்ந்தது, மகிழ்ச்சி. ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. நீங்கள் எல்லாரும் இறையியலாரின் வரையறையை எடுத்துக்கொண்டு சொல் தேடுகிறீர்கள். பெட்டியில் காசு போட்டவர் என்ன நினைத்துப் போட்டார்? 'குற்றத்திலிருந்தும் தண்டனையிலிருந்தும்' விடுதலை என்ற தொடர் அக்காலத்தில் பரவலாகப் புழங்கியது. தண்டனை மட்டும் என்ற நுட்பம் பாடசாலை விரிவுரையில் இருந்தது. தெருவில் கேட்டது பாவமன்னிப்பு. தெருவில் கேட்டதால்தான் கலகமே வந்தது. 1412 ஜூலையில் மூன்று இளைஞர்கள் தேவாலயங்களில் எழுந்து, இது பொய் என்று கத்தினார்கள். தலை வெட்டப்பட்டார்கள். உடல்களை மக்கள், பிராக்கில் ஹஸ் போதித்துவந்த பெத்லகேம் சிற்றாலயத்துக்குத் தூக்கிவந்து அடக்கம் செய்தார்கள். தண்டனையின் மிச்சம் பற்றிய நுண்வாதத்துக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்கிறீர்களா?

மொழிபெயர்ப்பாளர்:

அம்மா, இது கனமான கேள்வி. ஒருநாள் முழுக்க யோசித்தேன்.

அந்த வேறுபாடு தெருவில் மங்கிப்போனதுதான் கதை. மங்கியது என்று சொல்ல, முதலில் வேறுபாடு இருந்ததைத் தமிழ் காட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், விற்றவர்கள் எதைத் திரித்தார்கள் என்பதே வாசகருக்குத் தெரியாது. அறிக்கையிட்டு மனம் வருந்தியவருக்கே என்ற நிபந்தனை போப்பின் சுற்றறிக்கையில் இருக்கும். டீம் திரட்டும் உரிமையைப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விட்டதாக ஹஸ் தரப்பு குற்றம் சாட்டியது. குத்தகை எடுத்தவர் போட்ட முதலை மீட்கப் பார்ப்பார். நிபந்தனை அவர் வாயில் எவ்வளவு மிஞ்சும்? இந்த வழுக்கலை நான் தமிழில் காட்டியாக வேண்டும்.

கல்வெட்டு ஆய்வாளர்:

'உத்தரிப்பு' பற்றி யாரும் பேசவில்லையே. உத்தரிக்கிற ஸ்தலம் என்பது பழைய கத்தோலிக்கத் தமிழ், இறந்தோரின் ஆன்மா தூய்மை பெறும் இடம். 'உத்தரிப்புக் குறைப்பு'?

இலக்கண ஆசிரியர்:

காலம் ஒத்துவராது. இறந்தோரின் ஆன்மாக்களுக்கும் இதன் பயன் சேரும் என்று போப் நான்காம் சிக்ஸ்துஸ் அறிவித்தது 1476இல். 1095இல் கிளெர்மோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், சிலுவைப் போருக்கான எருசலேம் பயணத்தையே தவம் முழுவதற்கும் ஈடாகக் கொள்ளலாம் என்றபோது பேச்சு உயிரோடிருப்பவர் செய்ய வேண்டிய தவத்தைப் பற்றியது. '40 நாள்' என்ற அளவும் அப்படியே. உத்தரிக்கிற ஸ்தலத்தில் 40 நாள் குறையும் என்று பொருள் அன்று. பழைய ஒழுங்குப்படி 40 நாள் நோன்புத்தவம் செய்ததற்கு ஈடு. நான்காம் லாத்தரன் சங்கம் 1215இல் ஆயர்களுக்கு வரம்பு கட்டியதும் இந்த அளவில்தான்: ஆலய நேர்ந்தளிப்புக்கு ஓராண்டு, ஆண்டுநினைவுக்கு 40 நாள்.

இதை எழுதும்போது ஒன்று கவனத்துக்கு வருகிறது. அந்தக்கால ஆயர் ஆவணங்களில் இண்டுல்கென்ஷியாவுக்கு முன்பே வழங்கிய சொல் ரெலாக்ஸாஷியோ. "விதிக்கப்பட்ட தவத்திலிருந்து நாற்பது நாளைத் தளர்த்துகிறோம்" என்பதுதான் வாய்பாடு. தளர்த்துகிறோம்! ஆகவே என் கழிவை நானே விடுகிறேன். 'ஒறுப்புத் தளர்வு'.

யாழ்ப்பாணத்து நண்பர்:

தளர்வு நல்லது. ஊரடங்குத் தளர்வு என்று எல்லாருக்கும் பழக்கம். விதித்தவரே இறுக்கத்தைக் குறைப்பது என்ற எழுவாயும் சரியாக நிற்கிறது. கழிவுக்காக வருத்தம்தான், ஆனாலும் சரி.

மெய்ப்பு பார்ப்பவர்:

தளர்வுக்கு என் வாக்கு. ஒறுப்புக்கு இல்லை. காரணம் அச்சகத்தில் இருக்கிறது. பிழைதிருத்தி மென்பொருளுக்கு 'ஒறுப்பு' தெரியாது. 'உறுப்பு' என்று மாற்றக் கேட்கும். தட்டச்சர் ஒருமுறை 'எல்லாம் மாற்று' அழுத்தினால் நூல் முழுக்க 'உறுப்புத் தளர்வு'. ஒளிவருடிய படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும்போதும் ஒ, உ குழப்பம் உண்டு. மாணவர் கையிலோ வல்லினம் இடையினமாகி 'ஒருப்பு' ஆகும். 'தண்டனைத் தளர்வு' என்று வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இலக்கண ஆசிரியர்:

மென்பொருளுக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லைக் கைவிட்டால், மென்பொருள் ஒருநாளும் கற்றுக்கொள்ளாது. தண்டனை என்றால் நீதிமன்றமும் சிறையும். "40 நாள் தண்டனைத் தளர்வு" என்பதைச் சிறைக்காலக் குறைப்பு என்றே வாசிப்பார்கள். தவம் என்ற பாதி காணாமல் போகிறது. தண்டனை வடசொல் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் மாலை ஆகிவிட்டது. வந்த மடல்களைக் கணக்கிட்டால் தளர்வுக்கு ஐந்து பேர், அவர்களில் தண்டனைக்கு நான்கு பேர், ஒறுப்புக்கு ஒருவர். மாற்றவே வேண்டாம் என்று ஒருவர். இப்படிச் செய்கிறேன்.

ஆசிரியர் கூற்றில் எல்லா இடத்திலும் 'தண்டனைத் தளர்வு'. முழுமையானது 'முழுத் தளர்வு', மற்றது 'பகுதித் தளர்வு'. நாள்கணக்கு வரும் இடங்களில் "40 நாள் தவத்துக்கு ஈடான தளர்வு" என்று விரித்து எழுதுகிறேன். ஐயாவின் எச்சரிக்கைக்கு என்னால் முடிந்தது அது. திரட்டுபவரின் வாயிலும் கூட்டத்தின் வாயிலும் வரும் இடங்களில் 'பாவமன்னிப்பு' அப்படியே நிற்கும், அம்மாவின் வாதப்படி. தாளுக்குத் 'தளர்வுச் சீட்டு'. இது சைப்ரஸ் தற்காப்புக்காக 1454இல் அச்சான தாள்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. வாங்குபவர் பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சடித்து, கையால் நிரப்பித் தந்தவை அவை, உண்மையிலேயே சீட்டு. சொல்லடைவில் 'பாவமன்னிப்புச் சீட்டு – காண்க: தண்டனைத் தளர்வு'.

திரட்டுபவர் மட்டும் பாக்கி. கல்வெட்டில் வரும் 'தண்டல்' நினைவுக்கு வந்தது. தண்டலாளர்?

கல்வெட்டு ஆய்வாளர்:

மிகப் பொருத்தம். தண்டுதல் என்றால் திரட்டுதல். ஆனால் 'தண்டனைத் தளர்வுத் தண்டலாளர்' என்று சேர்த்து எழுதாதீர்கள், நாக்கு புரளாது. தண்டலாளர் தண்டனை தருபவர் என்றும் தோன்றிவிடும். 'காணிக்கைத் தண்டலாளர்' போதும்.

வரலாற்று ஆசிரியை:

சொல்லடைவில் இருப்பது போதாது, ஐயா. முதல் இயலில் முதல்முறை வரும் இடத்திலேயே பழைய பெயரையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லடைவை மாணவர் யாரும் புரட்டுவதில்லை.

இலக்கண ஆசிரியர்:

தண்டலாளருக்கு உடன்படுகிறேன். தண்டனைத் தளர்வுக்கு உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வந்தால் ஒறுப்பை மறுபடி எழுப்புவேன். இப்போதைக்கு ஒரு வேண்டுகோள்: தண்டனைத் தளர்வு என்பதில் நடுவே 'த்' விட்டுப்போகாமல் மெய்ப்பில் பாருங்கள். இயல் நான்கின் படியில் ஏழு இடங்களில் விட்டுப்போயிருக்கிறது.