'ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?' – உணவு அலர்ஜிக்காரங்க அனுபவம்

கடலைக்குத் தடா
பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. அவசர ஊசி, டீச்சருக்குக் கடிதம் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், விட்டுடறேன். கூடப் படிக்கிறவன் ஒரு கடலையை உரிச்சு இவன் மூக்குக்கு நேரா நீட்டி, "இப்ப செத்துடுவியா?"ன்னு கேட்டிருக்கான். சுத்தி நின்னதெல்லாம் சிரிச்சிருக்கு. உடம்புக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அன்னையிலிருந்து தண்ணி பாட்டில் மூடியைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிக்கிறான். நான் தட்டுல போட்டாலும் "நல்லா பார்த்தியாம்மா?"ங்கிறான்.

பால் வேண்டாம்
எனக்குப் பால். ஒரு தடவை தொண்டை அடைச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போயாச்சு. இப்ப வெளிய எது சாப்பிட்டாலும் நெஞ்சு படபடங்குது. பதற்றமா, அலர்ஜியா? 'ஏதோ விபரீதம் நடக்கப்போகுது'ங்கிற பயமே அனாபிலாக்சிஸோட (திடீர்னு உயிருக்கே ஆபத்தாகிற கடுமையான அலர்ஜி) ஒரு அறிகுறியாம், என்னத்தச் சொல்ல! ஆபீஸ் பார்ட்டி நடுவுல பாத்ரூம் கண்ணாடி முன்னாடி சட்டையைத் தூக்கித் தடிப்பு இருக்கான்னு தேடிட்டு நின்னேன், கையில ஊசி. வெளிய வந்தா "என்ன, டயட்டா?"ன்னு ஒருத்தர்.

முட்டைப் பகை
எனக்கு முட்டை. விசேஷங்களுக்குப் போறதையே விட்டுட்டேன், அது கிடக்கட்டும். முதல் பதிவு போட்டவங்களுக்கு: 2003ல வெளிவந்த ஒரு ஆய்வுல, கடுமையான வேர்க்கடலை அலர்ஜி உள்ள 30 குழந்தைங்களை பீனட் பட்டரை மோந்து பார்க்க வச்சாங்க, தோல்லயும் தடவினாங்க. ஒருத்தருக்கும் மூச்சுத்திணறல் வரல. சாப்பிடுறதுதான் பெரிய ஆபத்து. இதைப் பையன்கிட்ட பொறுமையா சொல்லுங்க. சில அலர்ஜி டாக்டர்கள் அந்தப் பொருளைப் பக்கத்துல வச்சே உட்கார வச்சுப் பயத்தைத் தெளிய வைப்பாங்க. வீட்ல நீங்களா செஞ்சு பார்க்காதீங்க. இன்னொண்ணு, செட்ரிசின் மாதிரி சாதாரண அலர்ஜி மாத்திரை அனாபிலாக்சிஸை நிறுத்தாது. தொடையோட வெளிப்பக்கம் அட்ரினலின் (அதான் நாம கையில வச்சிருக்கிற அவசர ஊசி), உடனே ஆஸ்பத்திரி. அடங்கின மாதிரி இருந்து சில மணி நேரம் கழிச்சுத் திரும்பவும் வரலாம். நீங்க பயந்தா பிள்ளையும் பயப்படும்.

பால் வேண்டாம்
@முட்டைப் பகை அவங்க வைத்தியமா கேட்டாங்க? இன்னைக்கு மூக்குக்கு நேரா நீட்டினவன் நாளைக்கு வாயில திணிச்சா உங்க ஆய்வு வந்து தடுக்குமா? 'சும்மா சொல்றான்'னு எனக்கே தெரியாம பால் கலந்து குடுத்துப் பார்த்த ஆள் உண்டு. விசேஷத்துக்கே போகாதவர் அடுத்தவங்களை பயப்படாதேங்கிறீங்க!

கடலைக்குத் தடா
சண்டை வேண்டாம்ப்பா. ஸ்கூல்ல கேட்டதுக்கு "விளையாட்டுக்குச் செஞ்சது"ன்னு முடிச்சுட்டாங்க, நான் விடறதா இல்ல. அலர்ஜி பத்தித் தெரிஞ்ச மனநல ஆலோசகர்கிட்ட பிள்ளையைக் கூட்டிட்டுப் போனவங்க இருக்கீங்களா? முதல் நாள் நாமளும் உள்ள உட்காரலாமா, அவனை மட்டும்தான் கூப்பிடுவாங்களா?