‘ஃபைன்’ என்ற சொல்லைச் செவிலியர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். பிரிட்டனுக்கு வேலைக்குச் செல்லவிருக்கும் செவிலியர்களுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ‘ஃபைன்’ என்ற பெயரடையைக் கற்பிக்க உங்கள் உதவி வேண்டும்.

பொருள்களை விளக்குவதில் சிரமமில்லை. மெல்லிய நூல், பொடி மணல், தெளிந்த வானிலை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். முடிவு என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபினிஸ்’ இதன் வேர். அபராதத்தைக் குறிக்கும் ‘ஃபைன்’ கூட அதன் கிளையே. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ‘ஃபைன் லெக்’ என்ற களத்தடுப்பு இடம் தெரியும்.

பேச்சில்தான் சிக்கல். “தேநீர் வேண்டுமா?” என்று கேட்டால் நோயாளி “ஐ ஆம் ஃபைன்” என்பார். வேண்டாம் என்று பொருள். மாணவிகளோ, நலமாக இருப்பதாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதைவிடக் கவலை தருவது, வலியை அடக்கிக்கொண்டு அதே சொல்லைச் சொல்பவர்கள். அதை நம்பி அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடக் கூடாதே!

அங்கே வார்டில் பணிபுரிபவர்கள், காதால் கேட்ட ஓரிரு உரையாடல்களை நோயாளியின் பெயர் இல்லாமல் எழுதுங்கள். குரல் எப்படி மாறியது, அடுத்து நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதும் வேண்டும். ஸ்காட்லாந்து வழக்கு வேறுபட்டால் அதையும் தெரிவியுங்கள்.