தைப்பூசக் கூட்டத்தில் நேரலை: பிட்ரேட் எவ்வளவு வைப்பது?

தண்ணீர்மலை_கேமரா:
பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து தைப்பூச நேரலை. ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் மென்பொருள்), போன் ஹாட்ஸ்பாட், 1080பி, பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) 6000 கேபிபிஎஸ். விடியற்காலையில் நன்றாகத்தான் போகிறது. காவடிகள் ஏற ஆரம்பித்ததும் ஓபிஎஸ்ஸில் இணைப்பு நிலையைக் காட்டும் பச்சைக் கட்டம் சிவப்பாகி, பிரேம்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. உறுமிச் சத்தம் விட்டு விட்டு வருகிறதாம். இத்தனைக்கும் ஸ்பீட் டெஸ்டில் அப்லோட் 8 எம்பிபிஎஸ். என்ன செய்யலாம்?

ஜார்ஜ்டவுன்_வயர்மேன்:
தம்பி, ஸ்பீட் டெஸ்ட் சில நொடிக் கணக்கு. கூட்டம் மொத்தமும் அதே டவரில் வீடியோ அனுப்பும்போது உச்ச எண்ணை நம்பாதே. கூட்ட நேரத்தில் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பார்த்து, அதில் பாதி, மிஞ்சினால் முக்கால் வை. 3 எம்பிபிஎஸ் (3000 கேபிபிஎஸ்) என்றால் 2000 கேபிபிஎஸ் போதும்.

1080பியை விடு. மயிலிறகு ஆடும் காவடியில் படம் முழுக்க அசைவு. குறைந்த பிட்ரேட்டில் கட்டம் கட்டமாக உடையும். 720பி, 30 பிரேம் என்றால் சமாளிக்கும். சிபிஆர் (பிட்ரேட்டை ஒரே அளவில் வைக்கும் முறை), கீபிரேம் (முழுப் படமாகப் போகும் பிரேம்) 2 நொடிக்கு ஒன்று. ஆடியோ 128 கேபிபிஎஸ்ஸில் கை வைக்காதே. படம் மங்கினால் வீட்டுக் கிழவி பொறுத்துக்கொள்வார், மேளம் அறுந்தால் போன் போட்டுவிடுவார்!

அப்புறம், ஓபிஎஸ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் டைனமிக் பிட்ரேட்டுக்கு டிக் போடு. நெரிசலில் அதுவே இறங்கி ஏறும்.

தண்ணீர்மலை_கேமரா:
சரிண்ணே. இரண்டாவது சிம் வைத்துக்கொள்ளவா?

ஜார்ஜ்டவுன்_வயர்மேன்:
வேறு கம்பெனி சிம்மாக இருக்கட்டும். இரண்டும் ஒரே நெட்வொர்க் என்றால் ஒன்றாகவே படுத்துவிடும்.

பட்டர்வொர்த்_பையன்:
பக்கத்துத் தண்ணீர்ப்பந்தலில் பைபர் லைன் இருந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள். வைஃபை வேண்டாம், அங்கேயும் கூட்டம்தான்.