புதுப்பிப்பு: பிக்கப் ஏர் ஃபில்டர், கடைசியில் பேப்பர்தான்

குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரப்பர் ஷீட் ஏற்றும் என் டீசல் பிக்கப் ஏற்றத்தில் திணறுகிறது, பேப்பர் ஏர் ஃபில்டருக்குப் பதில் எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரா, பெட்டியில்லாமல் திறந்தே இருக்கும் கூம்பு ஃபில்டரா (கூம்பு இன்டேக்) போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கூம்பை விட்டுவிட்டேன். பானெட்டுக்குள் இன்ஜின் சூட்டுக் காற்றைத்தானே அது இழுக்கும்!

ஆசைக்குக் காட்டன் வாங்கினேன். கழுவி எண்ணெய் போட்டதில் கை தாராளம். நாலே நாளில் செக் இன்ஜின் விளக்கு. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் கம்பியில் எண்ணெய்ப் படலம். அதற்கென்றே உள்ள ஸ்பிரே அடித்துக் காயவைத்ததும் விளக்கு அணைந்தது.

"ஃபில்டரை விடும், ஹோஸைப் பாரும்" என்று பதில் போட்ட அண்ணாச்சி சொன்னதுதான் பலித்தது. ஃபில்டர் பெட்டிக்கும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்க்குள் விரல் விட்டால் மாவு மாதிரி செம்மண். கிளாம்புக்கு அடியில் வெடிப்பு, மேலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த வழியே தூசி நேராக டர்போவுக்குப் போயிருக்கிறது. என்ன ஃபில்டர் போட்டும் பிரயோஜனமில்லை.

குழாய், கிளாம்ப், கம்பெனி பேப்பர் ஃபில்டர் மூன்றும் புதிது. இப்போது லோடோடு மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. எதிர்பாராதது ஒன்று: பழைய ஃபில்டர் மடிப்புக்குள் எலி வைத்த தேங்காய் நார்.