கடலோரக் கிணற்றில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீர்மட்டம்: கடல் ஓதமா, சென்சார் கோளாறா?

கெடிலக்கரை:
அனைவருக்கும் வணக்கம். கடலூர் தாழங்குடாப் பக்கம், கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே, சவுக்குத் தோப்பின் ஓரத்தில் மோட்டார் பொருத்தாத பழைய ஆழ்துளைக் கிணறு ஒன்று இருக்கிறது. ஆழம் 18 மீட்டர், துளையிட்டபோது வந்ததெல்லாம் மணல்தான். அதில் நீர்மட்டத்தையும், நீரில் உப்பு கூடினால் கூடும் மின்கடத்துதிறனையும் அளக்கும் சென்சாரை இறக்கியிருக்கிறோம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாகர் பதிவு செய்து, சிம் வழியாகச் சர்வருக்கு அனுப்பிவிடும்.

வரைபடத்தில் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை 3 முதல் 4 சென்டிமீட்டர் வரை சீராக ஏறி இறங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் மோட்டார் ஓடாத நாட்களிலும் இதே நிலைதான். மின்கடத்துதிறனில் மாற்றம் எதுவும் இல்லை. கடல் நீர் நிலத்துக்கடியில் உள்ளே வந்துவிட்டதோ என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் கவலையோடு கேட்கிறார்கள். உறுதியாகத் தெரியாமல் அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. இது கடல் ஓதத்தின் (கடல் மட்டம் ஏறி இறங்குவதன்) பாதிப்புதானா என்பதை எப்படிக் கண்டறிவது?

பாகூர்வாசி:
முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஓதத்தை முதன்மையாக நடத்துவது நிலவு என்பதால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும்; அதாவது ஏற்ற நேரம் நாளுக்கு 50 நிமிடம் அளவுக்குத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வீச்சும் பெருகும். இப்படி நாளுக்கு இருமுறை வரும் அலையைக் காற்றழுத்தமும் உண்டாக்கலாம்; ஆனால் அதன் நேரம் அப்படித் தள்ளிப்போகாது. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் அது தினமும் காலை 10, இரவு 10 மணியை ஒட்டி உச்சத்துக்கும், அதிகாலை 4, மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வுக்கும் வந்துபோகும்; வேறுபாடு 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது 1.02 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். உங்கள் வரைபடத்தின் மேடு நாளுக்கு நாள் நகர்கிறதா?

கெடிலக்கரை:
நகரவில்லை. மேடு எப்போதும் 4.30, 16.30 மணியை ஒட்டியும், பள்ளம் 10.30, 22.30 மணியை ஒட்டியும் வருகிறது.

நெய்வேலி நிலநீர்:
அப்படியானால் ஓதம் இல்லை. காற்றழுத்தம் கூடும்போது நீர்மட்டம் இறங்குவது அடைபட்ட நீர்த்தாங்கியின், அதாவது நீர் எளிதில் புகாத அடுக்குக்கு அடியில் உள்ள நீர் அடுக்கின் அடையாளம். மேலே உள்ள களிமண் அடுக்கு காற்றின் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. திறந்த கிணற்றுக்குள்ளோ அந்த அழுத்தம் முழுவதும் நேராக நீரின் மேல் விழுகிறது. ஆகவே கிணற்று நீர் சற்றே கீழே தள்ளப்படுகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் உள்ள நீர்த்தாங்கி இத்தகையதுதான். அந்த நீரின் மேல்நோக்கிய அழுத்தத்தைக் குறைக்காமல் அங்கே சுரங்கம் வெட்டவே முடியாது.

மரக்காணம் உப்பளம்:
மேலே சொன்ன விளக்கம் சரியானது. ஆனால் களிமண்ணே இல்லாத 18 மீட்டர் மணல் கிணற்றுக்கு அது பொருந்துமா என்பதுதான் என் ஐயம். பல லாகர்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் உங்கள் மேடு காலை 10, இரவு 10 என்றாகிவிடும். அரை நாளில் ஒரு சுற்று முடிக்கும் அலையை ஐந்தரை மணி நேரம் நகர்த்தினால் மேடும் பள்ளமும் ஏறக்குறைய இடம் மாறிவிடும். அதனால் முடிவும் தலைகீழாகிறது. அப்போது கிணற்று நீர் அசையவில்லை, சென்சார் காற்றழுத்தத்தையும் சேர்த்து அளக்கிறது என்றே பொருள்.

உங்கள் சென்சாரின் கேபிளுக்குள், வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சென்சாருக்குக் கொண்டுபோய் அளவில் சேராமல் கழிக்க உதவும் மெல்லிய காற்றுக்குழாய் இருந்தால், அதன் மேல்முனையில் ஈரத்தை உறிஞ்ச வைத்துள்ள சிலிக்கா ஜெல் டப்பாவைத் திறந்து பாருங்கள். கடலோர ஈரக்காற்றில் அது விரைவில் நிறைந்துவிடும். பிறகு ஈரம் குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் டேப் விட்டுக் கையாலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். நேரத்தைச் சோதிக்க, கைப்பேசியில் மணி பார்த்துச் சென்சாரைச் சிறிது நேரம் அரை மீட்டர் தூக்கி வைத்தால் போதும்; அந்தப் பள்ளம் எந்த மணியில் பதிவாகிறது என்று தெரிந்துவிடும்.

கெடிலக்கரை:
ஐயா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. காலை 11 மணிக்குத் தூக்கியது சர்வரில் 5.30 என்று பதிவாகியுள்ளது. கிணற்றுக் குழாயின் விளிம்பில் கோடு போட்டு டேப்பில் அளந்தபோது இரு வேளையும் ஒரே அளவுதான். சென்சார் மட்டும் 3 சென்டிமீட்டர் வேறுபாடு காட்டியது. நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் வெளிறிய இளஞ்சிவப்பாகிவிட்டது. காற்றுக்குழாயின் வாய்க்குள் நீர்த்துளிகள் ஒட்டியிருந்தன. குழாயை உலர்த்திப் புதிய ஜெல் வைத்த பின் அலை அடங்கிவிட்டது. மிக்க நன்றி. பழைய தரவைத் திருத்த வழி உண்டா?

மரக்காணம் உப்பளம்:
உண்டு. அருகிலுள்ள வானிலை நிலையத்தின் காற்றழுத்தப் பதிவை எடுத்து, அதன் மாற்றத்தை 1.02 ஆல் பெருக்கிச் சென்டிமீட்டராகக் கழித்துப் பாருங்கள். அலை முழுவதும் மறைந்தால் குழாய் அந்தக் காலத்தில் முற்றிலும் அடைபட்டிருந்தது என்று கொள்ளலாம். அரைகுறையாக மறையும் நாட்களை ஐயத்துக்குரியவை என்று குறித்துவிடுங்கள். மூலத் தரவை அழிக்காமல் திருத்தியதைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஜெல்லை மறவாமல் மாற்றுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ போன்ற புயலின் மையத்தில் காற்றழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கலுக்கும் மேல் குறையும். அடைபட்ட சென்சார் அதை நீர்மட்டம் 30 சென்டிமீட்டர் சரிந்ததாகவே காட்டும், அதுவும் மழை கொட்டும் நேரத்தில்.

பாகூர்வாசி:
விவசாயிகளுக்குப் பதில் சொல்லுமுன் ஒன்றைக் கவனியுங்கள். ஓத அலை தெரியவில்லை என்பதால் உப்பு நீர் வரவில்லை என்று ஆகிவிடாது. இத்தகைய மேல்மட்ட மணலில் ஓதத்தின் அசைவு ஒரு கிலோமீட்டர் வருவதற்குள் அடங்கிவிடும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கோட்பாட்டின்படி அதற்குக் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். எனவே 3 சென்டிமீட்டர் பிழை கூட உப்பு நீர் எல்லையை ஒரு மீட்டருக்கும் மேல் மாற்றிக் காட்டும். உப்பு நீர் கனமானது என்பதால் அடியிலிருந்துதான் ஏறிவரும். மின்கடத்துதிறனை அளக்கும் முனை இப்போது நடுவில் தொங்குகிறதென்றால், மாதம் ஒருமுறை அதை அடிவரை மெதுவாக இறக்கி, மீட்டருக்கு மீட்டர் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுகள் கைக்கு வந்த பிறகு அவர்களுக்குச் சொல்லுங்கள்.