பத்தரை மணிச் சாப்பாடு: வன்னியில் உங்கள் இடம் எது?

கிளிநொச்சியில் இருந்து:

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் இந்த மாசியில் வந்து எங்கள் வீட்டில் நின்றார். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு எழும்பி, கிணற்றடியில் பிரஷும் வாயுமாக நின்றபடி, "தம்பி, இங்க பிரஞ்சுக்கு எங்க போறது?" என்று கேட்டார். குசினிக்குள் இருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "பிரான்சுக்கோ? இப்பதானேயடா கனடாவில இருந்து வந்தனி!"

அண்ணா சிரித்து முடித்துவிட்டு விளங்கப்படுத்தினார். காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, பதினொரு மணிபோல ஆறுதலாக இருந்து சாப்பிடுவதாம். அங்கே சனி ஞாயிறு என்றால் இதற்காகக் கடை வாசலில் வரிசையில் நிற்பார்களாம். அவருக்குப் பிடித்தது ஸ்காபரோச் சீனக் கடைகளின் டிம்சம், ஆவியில் அவித்த சின்னச் சின்னப் பலகாரங்கள். மூங்கில் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வருவார்கள், வேண்டியதைக் கைகாட்டி எடுக்கலாம். வேலையிடத்து நண்பர்களோடு போனால் சென் லோரன்ஸ் சந்தையில் பன்றி இறைச்சி வைத்த பணிஸ். பிரஞ்ச் என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறும் சொன்னார். 1895 இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் ஒரு சஞ்சிகையில் இதற்காக வாதாடியே கட்டுரை எழுதினாராம். சனி இரவு குடித்துக் கொண்டாடியவன் ஞாயிறு விடிய எழும்பத் தேவையில்லை என்பது அவர் சொன்ன நியாயங்களில் ஒன்று.

எனக்கு அங்கேதான் சிரிப்பு வந்தது. நான் வயல்காரன் வீட்டுப் பிள்ளை. பத்தரை மணிச் சாப்பாடு எங்களுக்கும் உண்டு, ஆனால் அது நாலு மணிக்கு எழும்பி வெறும் தேத்தண்ணியோடு வயலுக்குப் போனவர்களின் சாப்பாடு. காலபோக அறுவடை நேரத்தில் அப்பாவுக்கு அதைக் கொண்டுபோவது சின்ன வயதில் என் வேலை. பிட்டின் நடுவில் குழி செய்து கருவாட்டுக் குழம்பை விட்டு, மேலே ஒரு முழுப் பச்சை மிளகாயை வைத்து அம்மா வாழையிலையில் கட்டித் தருவார். போய்ச் சேரும்போது குழம்பு இறங்கி, அடிப்பிட்டு களியாகி இருக்கும். அந்த அடிப்பிட்டுக்குத்தான் போட்டி. இப்போது வயலில் ஆட்கள் குறைவு, அறுக்கிறது மெசின். மெசின்காரருக்கும் பத்தரைக்குப் பசிக்கிறது என்பதால் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

சரி, கேட்டவரைப் பட்டினி போட முடியாதே. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பரந்தன் பக்கம் ஏ9 வீதியோரக் கடை ஒன்றுக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் லொறி நின்றால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் கதிரையை இழுத்து இருக்க முன்னமே பையன் ஒரு தட்டு நிறைய றோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை, வாய்ப்பன் என்று பத்துப் பன்னிரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் கை கழுவிவிட்டு வருகிறேன், அண்ணா மூன்று றோல்ஸையும் இரண்டு பற்றிஸையும் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கட்லட்டைக் கையில் வைத்திருக்கிறார். "வைச்சதை மிச்சம் விட்டா அவங்கள் குறை நினைப்பாங்களடா."

சாப்பிட்டதை எண்ணித்தான் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும் என்று சொன்னேன். இருபது வருடத்தில் ஆளுக்கு அது மறந்தே போயிருந்தது. பக்கத்து மேசை லொறிக்கார ஐயா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "தம்பி வெளிநாடோ?" என்றார்.

அந்தக் கடைக்கு நான் போவது றோல்ஸுக்கு இல்லை. பத்து மணிக்குப் பிறகு இறக்கும் குழல் பிட்டுக்கு. வீட்டில் நீத்துப்பெட்டியில் அவிப்பது வேறு ருசி, கடைக் குழல் வேறு. லன்ச்சீற் விரித்த கோப்பைக்கு மேலே குழலைச் சரித்துப் பின்னால் தடியால் ஒரு தள்ளு. தேங்காய்ப்பூ வரை வரையாகத் தெரிய ஆவியோடு வந்து விழும். அதன் தலையில் ஒரு அகப்பை சொதி. பிட்டு அதைக் குடித்து முடிய, கேட்காமலே இன்னொரு அகப்பை. அண்ணா வயிற்றைத் தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இடம் இல்லை.

உங்கள் பக்கத்து இடங்களையும் சொல்லுங்கள். ஆள் இன்னும் இரண்டு கிழமை நிற்பார்.

முல்லைத்தீவில் இருந்து:

கடையை விடுங்கள், அவரைக் கரைவலை இழுக்கும் இடத்துக்குக் கூட்டிவாருங்கள். என் மாமா அதில் இழுப்பவர். விடியத் தொடங்கினால் வலையின் மடி கரையேற ஒன்பது தாண்டிவிடும். மீன் பிரித்து, ஏற்றி, கை கால் அலம்பி, கரையில் இருக்கும் வாடிக் குடிலுக்குள் வந்து இருக்கப் பத்து, பத்தரை. சூடை மீனை உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூளில் பிரட்டிப் பெரிய தாச்சியில் பொரிப்பார்கள். பாணை வெட்டுவதில்லை, கையால் பிய்ப்பது. மீனைத் தலையோடு கடிக்க வேண்டும், முள்ளெல்லாம் மொறுமொறு என்று போய்விடும். ஒருமுறை கொழும்பில் இருந்து கூட்டிவந்த என் சிநேகிதன் கரண்டி இருக்கிறதா என்று கேட்டான். அவனை இன்றைக்கும் வாடியில் 'கரண்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கடைக்குத்தான் போவோம் என்றால் ஒரு விசயம். பத்து மணிக்கு முன்னம் மீன் குழம்பு கேட்காதீர்கள், பெரும்பாலும் அது நேற்றையது. நேற்றைய குழம்புதான் திறம் என்று சொல்லும் கட்சியும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான், ஆனால் வீட்டுக் குழம்பென்றால் மட்டும்.

வவுனியாவில் இருந்து:

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் பழைய கதை சொல்வேன். 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 பாதையைத் திறந்தார்கள். அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் இருந்த தங்கச்சியைப் பார்க்க வெளிக்கிட்டேன். விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டு, ஓமந்தையில் இராணுவச் சாவடியில் இறங்கிப் பை எல்லாம் காட்டி ஏறி, புளியங்குளத்தில் இயக்கத்தின் சாவடியில் திரும்ப இறங்கிக் காட்டி, பிறகு அந்தக் குண்டும் குழியுமான றோட்டால் ஆடி ஆடி முறிகண்டிக்கு வரப் பதினொரு மணி. காலைச் சாப்பாடு யாருக்கும் கிடையாது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தை எந்த வாகனமும் தாண்டாது, ஆகவே எல்லாரும் இறங்கினோம்.

உடைத்த தேங்காயில் ஒரு பாதி, ஒரு சரை கச்சான். அன்றைக்கு நான் சாப்பிட்டது அவ்வளவுதான். கச்சான் விற்ற அம்மா இரும்புச் சட்டியில் சூடு மணலோடு சேர்த்து வறுத்து, அரிதட்டில் மணலை உதிர்த்து, சுடச்சுடப் பழைய கொப்பித்தாளில் சுற்றித் தந்தார். தாளில் யாரோ ஒரு பிள்ளை பிழையாகப் போட்ட பெருக்கல் கணக்கு. தேங்காய்ச் சொட்டும் சூடு கச்சானும் ஒன்றாக மென்று பாருங்கள், நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும். இப்போது பாதை காப்பெற், சாவடியும் இல்லை, வவுனியாவில் ஏறினால் கண் மூடித் திறக்க முறிகண்டி. ஆனாலும் நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்த வழியால் போவதில்லை.

எப்போதாவது வெளியே சாப்பிடுவதென்றால் அம்மாச்சி உணவகம். வடமாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிய கடைகள் அவை, தெற்கில் இதே மாதிரிக் கடைகளுக்கு ஹெல போஜுன் என்று பெயர். பெண்கள் கண் முன்னால் நின்று சுடுவார்கள். காலை கழிந்து மத்தியானக் கூட்டம் வர முன்னம், அந்த இடைவெளியில் போனால் தோசைக்கல்லுக்கு முன்னால் நீங்கள் ஒருவர்தான். குரக்கன் பிட்டு எனக்கு, உழுந்து வடை மனிசிக்கு. நீரிழிவுக்காரன் நான், ஆனால் அங்கே மட்டும் மனிசி என் கோப்பையை எட்டிப் பார்ப்பதில்லை.

மாங்குளத்தில் இருந்து:

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஏசி போட்ட புதுக் கடை ஒன்று, நல்ல கதிரை, சுவரில் சைக்கிள் தொங்குகிறது. முட்டையும் பாணும் சொல்லி நாற்பது நிமிடம் இருந்தோம். கடைசியில் பையன் வந்து, "அண்ணா, முட்டை முடிஞ்சுது" என்றான். வெளியே வந்தால் கடை மதிலில் இரண்டு கோழி நிற்கிறது. சந்தியில் ஒரு பிளேன்டீயும் வாய்ப்பனும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

கிளிநொச்சியில் இருந்து:

எல்லாருக்கும் நன்றி. கரைவலைக்குப் போக முடியவில்லை, அந்தக் கிழமை காற்று. முறிகண்டிக்குப் போனோம். அண்ணா கனடாவுக்கென்று இரண்டு கிலோ கச்சான் வாங்கி, அதில் அரைக் கிலோவை வரும் வழியிலேயே முடித்துவிட்டார்.

போவதற்கு முதல் ஞாயிறு ஆள் நாலரைக்கு எழும்பி அப்பாவோடு வயலுக்குப் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, தானாகவே. எங்கள் துண்டில் அன்றைக்குத்தான் மெசின். அம்மா மூன்று பேருக்குப் பிட்டுக் கட்டித் தந்தார், பழையபடி வாழையிலையில். பத்தரைக்கு நான் போக, அண்ணா விலைகூடின சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, காலெல்லாம் சுனையாகச் சொறிந்துகொண்டு இருந்தார். தூசியில் கண் சிவந்திருந்தது. வாய்க்காலில் போய்க் கை கழுவச் சொன்னேன். "போத்தில்ல தண்ணி இல்லையோ?" என்றார், நடக்கப் பஞ்சி.

அப்பாவுக்கும் மெசின்காரத் தம்பிக்கும் தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அடிப்பிட்டை வழித்துக்கொண்டிருந்தார். எனக்கு மிஞ்சியது அந்தப் பச்சை மிளகாய்.